கதவு ஆசாரி செய்த துப்பாக்கிக் கட்டை

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் போய் செல்லக்கண்ணு எங்கே என்று கேட்டால் ஒருவர் பால்காரரைக் காட்டுவார், இன்னொருவர் பூக்கடைக்காரரைக் காட்டுவார். 'கதவு' செல்லக்கண்ணு என்று கேட்டால்தான் கெர்பாவ் ரோட்டில் தகரக்கூரை போட்ட பட்டறைக்கு வழி சொல்வார்கள். ஐம்பதுகளில் அந்த வட்டாரத்துக் கடைவீடுகளில் பாதிக்கு அவர் செய்த கதவுதான். மனிதர் குள்ளம்; குரல் மட்டும் ஆறடி. வேறு எவனாவது செய்த கதவைப் பார்த்துவிட்டால் விரலால் ஒரு தட்டுத் தட்டுவார், உதட்டைப் பிதுக்குவார், ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிடுவார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று மற்ற ஆசாரிகள் பொருமுவார்கள்.

அந்தக் கர்வத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. சிங்கப்பூர் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. வந்தால் மரம் ஊதும், ஊதினால் கதவு சட்டத்தில் பிடித்துக்கொள்ளும், டிசம்பர் மாதத்தில் பாதி வீடுகளில் கதவைத் தோளால் முட்டித் திறப்பார்கள். செல்லக்கண்ணுவின் கதவு ஒருநாளும் பிடித்ததில்லை. ஒவ்வொரு பொருத்திலும் தடித்த அட்டை ஒன்று நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டே இழைப்பார். அதற்கு 'மழை இடம்' என்று பெயரும் வைத்திருந்தார். யாருடைய வீட்டுக் கதவாவது பிடித்துக்கொண்டது என்று காதில் விழுந்துவிட்டால் போதும், அன்றைக்கு முழுக்க அவருக்குக் கொண்டாட்டம். "மழைக்கு இடம் விட்டானா பாரு" என்று மனைவி பூவம்மாவிடம் பத்துத் தடவையாவது சொல்லிவிடுவார்.

ஒரே மகள் தங்கத்தை மலாயாப் பக்கம் ஜொகூரில் கோத்தா திங்கிக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளை மருதப்பனும் தங்கமும் பால்மரம் வெட்டுகிறவர்கள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர்கள். இரண்டு பிள்ளைகள். 1961ஆம் வருடம் ஆகஸ்டு மாதம் தங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தோட்டத்துக்குப் புலி வந்துவிட்டது. முதலில் ஆடு, பிறகு ஒரு மாடு, போன வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பக்கத்து மர நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்த பெண். அரசாங்கத்து ஆள் இரண்டு தடவை வந்து காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போனார். வேலைக்கு வராதவர்கள் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யலாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. 'காலையில் மரத்துக்குப் போகும்போது தூங்குகிற பிள்ளைகளை ஒருதரம் பார்த்துவிட்டுப் போகிறேன் அப்பா' என்று எழுதியிருந்தாள். பூவம்மா கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். செல்லக்கண்ணுவுக்கு அழுகை வரவில்லை, கடிதத்தை வாங்கி மறுபடி ஒருதரம் படித்தார்.

அவருக்குத் தெரிந்த வேட்டைக்காரர் ஒரே ஒருவர்தான். டன்லப் ஸ்திரீட்டில் மளிகைக் கடை வைத்திருந்த நெய்னா முகம்மது. இருபது வருடப் பழக்கம். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை ஜொகூர்க் காட்டுக்குப் போவார். மான் விழுந்தால் முறைப்படி அறுத்து, பங்கு போட்டு, ஒரு பங்கு கெர்பாவ் ரோட்டுக்கும் வந்துவிடும். இவர் அவரை 'பாய்' என்பார், அவர் இவரை 'அண்ணே' என்பார். கடிதத்தை எடுத்துக்கொண்டு செல்லக்கண்ணு நேராக அந்தக் கடைக்குப் போனார்.

"போகலாம்தான் அண்ணே. ஆனா துப்பாக்கி இல்லியே" என்றார் நெய்னா. போன மாதம் மெர்சிங் பக்கம் சரிவில் வழுக்கி விழுந்ததில் துப்பாக்கியின் மரக்கட்டை, கை பிடிக்கும் கழுத்தோடு முறிந்துபோயிருந்தது. துப்பாக்கிக் கடையில் கேட்டதற்கு இங்கிலாந்திலிருந்து புதுக்கட்டை வர நாலு மாதம் ஆகும் என்றார்களாம்.

"நாலு மாசத்துல என் புள்ள இருக்குமா பாய்?"

நெய்னா தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஒடைஞ்சது இரும்பா, மரமா?"

"மரம்தான்."

"மரம்னா நான் இருக்கேன்ல. கட்டை நான் செஞ்சு தர்றேன். நீங்க போங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன் பாய், நீங்க போகணும்."

காலைப் பிடிக்கிற ஆள் இல்லை அவர். உண்மையிலேயே குனிந்துவிட்டார். நெய்னா பதறிப்போய்த் தூக்கி நிறுத்தினார்.

லைசென்ஸ் வைத்திருப்பவர் பக்கத்தில் இல்லாமல் துப்பாக்கியை வேறு யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே மத்தியானம் கடையில் ஈ ஓட்டும் நேரத்தில், இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும், நெய்னா துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துவந்து பட்டறை முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். இடித்த பங்களா ஒன்றிலிருந்து எடுத்த தேக்கு உத்தரம் செல்லக்கண்ணுவிடம் கிடந்தது. பதினைந்து வருடம் காய்ந்த மரம். அதில்தான் கட்டையை அறுத்தார். வெளி உருவம் இரண்டே நாளில் வந்துவிட்டது. கஷ்டமெல்லாம் உள்ளே இருந்தது. குழலும் அதன் பின்னால் உள்ள இரும்புப் பெட்டியும் மரத்துக்குள் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். விளக்குப் புகைக்கரியை எண்ணெயில் குழைத்து இரும்பின் அடியில் பூசுவார். மரத்தில் வைத்து அமுக்குவார். தூக்கிப் பார்த்தால் மரம் மேடாக இருக்கும் இடத்தில் மட்டும் கறுப்பு ஒட்டியிருக்கும். அதை மட்டும் உளியால் சுரண்டுவார். மறுபடி பூசுவார், மறுபடி வைப்பார், மறுபடி சுரண்டுவார். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை. நாலாவது நாள், வைத்துத் தூக்கினால் குழிமுழுக்க ஒரே சீராகக் கறுப்பு பரவியது. நெய்னா குனிந்து பார்த்து 'மாஷா அல்லா' என்றார். செல்லக்கண்ணுவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குளிராமலே இருந்திருக்கலாம்.

அந்த இரும்பின் அடியில் பெருவிரல் அளவுக்கு ஒரு பல் துருத்திக்கொண்டிருக்கும். குண்டு வெடித்ததும் இரும்பு பின்பக்கம் உதைக்கும். அந்த உதையை வாங்கி மரத்துக்குக் கொடுப்பது அந்தப் பல்தான். முறிந்த பழைய கட்டையில் அந்தப் பல்லுக்குப் பின்னால் மரம் நெருக்கமாக ஒட்டியிருந்தது. தலைமயிர் நுழையாது. செல்லக்கண்ணு அதைப் பார்த்தார். வழக்கம்போல விரலால் தட்டினார், உதட்டைப் பிதுக்கினார்.

"பாய், இங்க பாருங்க. மூச்சு விடக்கூட இடம் விடல. வெள்ளைக்காரன் ஊர்ல நம்ம ஊர் மழை ஏது? நாலு நாள் காட்டுல நனைஞ்சா மரம் ஊதும். ஊதி இந்தப் பல்லைத் தள்ளும். தள்ளினா குழல் கோணிக்கும். நீங்க புலியப் பார்த்து வைப்பீங்க, குண்டு பலாமரத்துக்குப் போகும்."

"பழைய கட்டை எட்டு வருஷமா நனைஞ்சுதே அண்ணே. ஒண்ணும் ஆகலியே."

"அதான் ஒடிஞ்சு போச்சு!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே செல்லக்கண்ணு பல்லுக்குப் பின்னால் தடித்த அட்டை ஒன்று நுழையும் அளவுக்கு மரத்தை இழைத்து எடுத்தார். முப்பது வருடமாகக் கதவுக்குச் செய்ததைத்தான் செய்தார். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை புக்கிட் தீமா கல்லுடைக்கும் இடத்தில், தெரிந்த மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு குண்டு போட்டுப் பார்த்தார்கள். மேலே போட முடியாது. லைசென்ஸுக்குப் போலீஸ் எண்ணிக் கொடுத்த தோட்டாவில் மிச்சம் இருந்ததே ஒன்பது. இரண்டும் பாறையில் போட்ட சுண்ணாம்புப் புள்ளியை ஒட்டியே விழுந்தன. கட்டையைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சிங்கப்பூர், ஜொகூர் இரண்டு பக்கத்துப் போலீஸிலும் வாங்க வேண்டிய கடிதங்களை வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை காலையில் நெய்னா தம் வேனில் புறப்பட்டார். பூவம்மா அவர் நெற்றியில் திருநீறு வைக்கப் போய், நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டாள். நெய்னா சிரித்துவிட்டு, "துஆ செய்யுங்க அக்கா, அது போதும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு செல்லக்கண்ணு ஃபேரர் பார்க்கை ஒட்டி, ஓவன் ரோட்டில் லீலா டீச்சர் வீட்டில் இருந்தார். போன வருடம் அவர் மாட்டிய பின்வாசல் கதவு பற்றி டீச்சர் மூன்று மாதமாக ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"மழைக்கு இடம் மழைக்கு இடம்னு சொல்றீங்க. தாழ்ப்பாள் போட்டாலும் காத்துல டக்கு டக்குன்னு அடிக்குது. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. இப்ப சட்டமே பிளந்துபோச்சு, வந்து பாருங்க."

"என் சட்டம் பிளக்காது டீச்சர்."

"வந்து பாருங்கன்னா!"

போய்ப் பார்த்தார். பிளந்திருந்தது. தாழ்ப்பாள் நுழையும் துளையிலிருந்து மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண், மரம் ரேகையோடு வெடித்துக் கிடந்தது. துளையின் விளிம்பு நசுங்கிப் பஞ்சாகியிருந்தது. செல்லக்கண்ணு தாழ்ப்பாளைப் போட்டுக் கதவை ஆட்டினார். டக். தாழ்ப்பாளின் இரும்பு, ஓர் அட்டை நுழையும் தூரம் ஓடி மரத்தில் இடித்தது. டக். இன்னொரு தரம் ஆட்டினார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

இரும்பு மரத்தோடு ஒட்டி இருந்தால் தள்ளும். ஓட இடம் கிடைத்தால் அடிக்கும். ஒரு வருடம் காற்று தட்டியதற்கே சட்டம் பிளந்துவிட்டது. துப்பாக்கிக்குள் வெடிக்கிற வெடிக்கு அந்தப் பல் எவ்வளவு வேகத்தில் ஓடி எப்படி இடிக்கும்? இடித்தால் எங்கே பிளக்கும்? கழுத்தில். கன்னத்தை எங்கே வைப்பார் பாய்? கழுத்துக்கு மேலே, கண்ணை ஒட்டி. ஏற்கெனவே இரண்டு குண்டு போட்டாயிற்று. மிச்சம் ஏழு.

"என்னங்க, முகமெல்லாம் வேர்த்துப்போச்சு?" என்று டீச்சர் கேட்டது அவர் காதில் விழவில்லை. உளிப்பையை அங்கேயே போட்டுவிட்டுத் தலைதெறிக்க ஓடினார்.

டன்லப் ஸ்திரீட்டுக் கடையில் நெய்னாவின் கையாள் முகம்மது யூசுப் இருந்தார். அங்கே டெலிபோன் உண்டு. தோட்டத்து ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டுக் காத்திருந்த முக்கால் மணி நேரத்தில் செல்லக்கண்ணு கடைக்குள் எத்தனை தடவை நடந்தார் என்று யூசுப் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் லைன் கிடைத்தது. எடுத்தவர் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, கிராணி என்பார்கள்.

"நெய்னா பாய்கிட்ட சொல்லுங்க. அந்தத் துப்பாக்கியில சுடக் கூடாது. கட்டை தப்பாப் போச்சு. பிளந்துடும்."

"புலிய வேற எதுல சுடுறது? கவண் கல்லுலயா?"

"ஐயா, வெளையாடாதீங்க. உயிர் போகிற விஷயம். நான்தான் கட்டை செஞ்சவன்."

"நீங்க துப்பாக்கி ரிப்பேர் ஆளா?"

செல்லக்கண்ணு ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார். "கதவு ஆசாரி" என்றார்.

மறுமுனையில் சிரிப்பு கேட்டது. "சரிலா, சொல்றேன். நேத்தே ஒரு மாட்டை அடிச்சுப் போட்டிருக்கு. அத திங்க இன்னிக்குச் சாயந்தரம் எப்படியும் வரும். பரண் கட்டியாச்சு. நாலு மணிக்கு ஏறிடுவாரு." லைன் அறுந்துபோனது.

கிராணி சிரித்த சிரிப்பில் சேதி போய்ச் சேரும் என்ற நம்பிக்கை செல்லக்கண்ணுவுக்கு வரவில்லை. குவீன் ஸ்திரீட்டில் ஜொகூர் பஸ் ஏறியபோது மணி பன்னிரண்டேகால். புக்கிட் தீமாவில் மழை பிடித்துக்கொண்டது. கால்வாய் பொங்கி ரோட்டில் முழங்கால் தண்ணீர். பஸ் ஓரமாக நின்றுவிட்டது. பயணிகள் ஜன்னலை ஏற்றிவிட்டு நிலக்கடலை தின்றார்கள். செல்லக்கண்ணு டிரைவரிடம் போய்க் கெஞ்சினார், பிறகு திட்டினார், பிறகு மறுபடி கெஞ்சினார். மலாய்க்கார டிரைவர் பாவம், வெளியே கையைக் காட்டினார். முப்பது வருடமாகத் தமக்குத்தான் தெரியும் என்று பெருமை பேசிய மழை ஒரு மணி நேரம் அவரை அங்கேயே உட்கார வைத்தது. தலையில் தலையில் அடித்துக்கொண்டார். ஜொகூர் பாருவில் இறங்கி, ஐந்து பேர் சேர்ந்து போகும் டாக்சியில் ஆறாவது ஆளாகத் திணித்துக்கொண்டு கோத்தா திங்கி போய், அங்கிருந்து தோட்டத்து லாரியில் தொற்றிக்கொண்டார். லயத்து வாசலில் குதித்தபோது மணி ஐந்தேகால்.

ஆபீஸ் படியில் கிராணி நின்றிருந்தார். "வந்துட்டீங்களா! சேதி சொன்னேன்லா. சிரிச்சாரு. 'எங்க அண்ணன் ஒரு கதவு மாட்டினா நாலு தடவ திரும்பி வந்து தடவிப் பார்ப்பாரு, அது அவரு சுபாவம்'னாரு. ஏறிட்டாரு."

லயத்துக் கடைசியில் தண்ணீர்த் தொட்டி. அதற்கு அப்பால் இளம் ரப்பர் மரங்கள், கோடு போட்ட மாதிரி நிரை நிரையாக. ஒரு நிரையின் முடிவில், முந்நூறு கஜம் தள்ளி, காட்டு மரம் ஒன்றில் பரண் தெரிந்தது. அதில் காக்கிச் சட்டையில் ஓர் உருவம். செல்லக்கண்ணு ஓடினார். தொட்டியைத் தாண்டவில்லை, மருதப்பன் குறுக்கே வந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். லயத்து ஆட்கள் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். எல்லாரும் குசுகுசுவென்றே பேசினார்கள்.

"மாமா, போகக் கூடாது. அது பக்கத்துலதான் இருக்கு. மாட்டுக்கிட்ட வந்துட்டுப் போன தடம் புதுசா கிடக்கு."

"விடுங்க மாப்பிள்ள. அந்தத் துப்பாக்கி…" வாயைத் திறந்தார். ஆறடிக் குரல். அங்கிருந்து ஒரு சத்தம் போட்டால் பரணுக்குக் கேட்கும்.

தங்கம் ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினாள். அவள் உள்ளங்கையில் ரப்பர்ப் பால் நாறியது.

"அப்பா, நீ கத்தினா அது ஓடிடும். நாளைக்கு எந்த நிரையில வருமோ தெரியாது. நாளைக்கு நான்தான் மரத்துக்குப் போகணும். என் புள்ளைங்கள யாருப்பா பார்ப்பா?"

அவர் அவளைப் பார்த்தார். இளைத்துப்போயிருந்தாள். பின்னால் கதவிடுக்கில் இரண்டு பிள்ளைகள் முகத்தை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன. பொத்திய கையை அவள் எடுத்துவிட்டாள். இனி அவரைத் தடுக்க யாரும் இல்லை. மருதப்பன்கூடப் பிடியைத் தளர்த்திவிட்டார். கத்த வேண்டும், அவ்வளவுதான்.

கத்தவில்லை.

மனிதன் தன்னையே ஏமாற்றிக்கொள்ள நினைத்துவிட்டால் கணக்குக்கு என்ன பஞ்சம்? பதினைந்து வருடம் காய்ந்த தேக்கு. இரண்டு குண்டு தாங்கியது. இன்னும் ஒன்று தாங்காதா? பாய் குறி தப்பாதவர். ஒரே குண்டில் விழுந்துவிட்டால்? கட்டை பிளந்தாலும் கன்னத்தில் ஒரு கீறலோடு போய்விட்டால்? இப்படி ஒவ்வொன்றாக எண்ணி எண்ணித் தொட்டியோரத்தில் நின்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார். ஒரு பக்கம் பெற்ற மகள், ஒரு பக்கம் அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர். நடுவில் தம் குரல். அதை அவர் விழுங்கிக்கொண்டே இருந்தார். எந்தச் சாமியைக் கும்பிடுவது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. பாய்க்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று அல்லாவிடமே கேட்டுப் பார்த்தார்.

வெளிச்சம் மஞ்சளாகிய நேரம். முதல் வெடி. உடனே புலியின் உறுமல் தோட்டத்தையே உலுக்கியது. விழவில்லை, அடிபட்டிருக்கிறது. செல்லக்கண்ணு 'போதும் பாய், போதும்' என்று வாய்க்குள்ளேயே சொன்னார். நாலு எண்ணுவதற்குள் இரண்டாவது வெடி. அந்தச் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் வந்தது. மற்றவர்களுக்கு அது தெரிந்திருக்காது. மரம் ரேகையோடு பிளக்கும் சத்தம் ஆசாரிக்குத் தெரியும். அப்புறம் நெய்னாவின் அலறல்.

இப்போது கத்தினார். முந்நூறு கஜமும் கத்திக்கொண்டே ஓடினார். புலி மாட்டின் மேலேயே செத்து விழுந்திருந்தது. பரணில் நெய்னா மல்லாந்து கிடந்தார். கட்டை கழுத்தோடு இரண்டாகப் பிளந்து, தேக்குச் சிம்பு ஒன்று வலது கண்ணில் குத்தி நின்றது. லயத்து ஆட்கள் புலியைச் சுற்றி ஆரவாரம் செய்தார்கள். தங்கம் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். செல்லக்கண்ணு நெய்னாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் போனார். வழியெல்லாம் 'என்னைக் கொன்னுடுங்க பாய்' என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

உயிர் பிழைத்தது. கண் போய்விட்டது.

எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில், பல்லுக்குப் பின்னால் விட்ட இடைவெளியைப் பற்றி செல்லக்கண்ணு ஒன்று விடாமல் சொல்லி அழுதார். நெய்னா அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். "தெரியாம செஞ்சது அண்ணே. நானும்தானே கூட உக்காந்து சிரிச்சேன்." பிறகு, கட்டுப் போடாத கண்ணால் அவரைப் பார்த்துக் கேட்டார்: "தோட்டத்துக்கு எப்ப வந்து சேர்ந்தீங்க?"

"அப்பதான். வெடிச் சத்தம் கேக்கிறப்பத்தான் லாரியிலேருந்து இறங்கினேன்."

"அப்படியா" என்றார் நெய்னா.

அதற்குப் பிறகு அவர் துப்பாக்கியைத் தொடவில்லை. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைக்கு வருகிறவர்கள் கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் கதையைச் சொல்வார். முடிக்கும்போது எப்போதும் ஒரே மாதிரி முடிப்பார்: "எங்க அண்ணன் கொட்டுற மழையில சிங்கப்பூர்லேருந்து எனக்காக ஓடி வந்தாரு. உடம்பொறந்தவன்கூட வரமாட்டான்." சிராங்கூன் ரோடு முழுக்க அந்தப் பேச்சுப் பரவியது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் செல்லக்கண்ணுவுக்கு வணக்கம் சொன்னார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நடக்கப் பழகினார். அடுத்தவன் கதவைத் தட்டிப் பார்க்கும் வழக்கம் எப்போது விட்டுப்போனது என்று அவருக்கே தெரியாது. பூவம்மாவோடு குவீன்ஸ்டவுன் வீட்டுக்குக் குடிபோனார். அங்கே போனால் டன்லப் ஸ்திரீட் தூரமாகிவிடும் என்று நினைத்தார். ஆகவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறி வந்து, நெய்னா தொழுதுவிட்டு வரும்வரை கடை வாசலில் காத்திருந்து, ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். ஒவ்வொரு வெள்ளியும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வருவார். சொல்லாமல் திரும்புவார். இப்படியே ஐந்து வருடம் போயிற்று. மனிதர் பாதியாகிவிட்டார்.

அறுபத்தாறாம் வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, துவாஸ் பக்கத்து மீனவக் குடிகளுக்குச் சாமான் கொண்டுபோய் விற்கும் ஒலி முகம்மது என்பவர் கடைக்குப் புதிதாக வந்திருந்தார். கண்ணைப் பற்றிக் கேட்டார். நெய்னா கதையை ஆரம்பித்தார். மழை வந்தது, பஸ் நின்றது, டாக்சியில் ஆறாவது ஆள். "இவருதான் அந்த அண்ணன்" என்று கையைக் காட்டினார். ஒலி முகம்மது எழுந்து நின்று செல்லக்கண்ணுவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கையை உருவிக்கொண்டு செல்லக்கண்ணு சொன்னார்: "பொய்."

ஒலி முகம்மது நெய்னாவைத் திரும்பிப் பார்த்தார்.

"பாய், நான் அப்ப வரல. அஞ்சேகாலுக்கே வந்துட்டேன். தண்ணித் தொட்டிகிட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னேன். ஒரு சத்தம் போட்டிருந்தா நீங்க இறங்கியிருப்பீங்க. புலி போயிடும்னு, என் புள்ளைக்காக, போடல. உங்க கண்ணு தெரியாம போனதில்ல. தெரிஞ்சே போனது."

நெய்னா மேசைமேல் சிந்திக் கிடந்த மல்லி விதையைக் கையால் கூட்டி ஓரமாகத் தள்ளினார். வெகுநேரம் அதையே செய்துகொண்டிருந்தார்.

"தெரியும் அண்ணே."

செல்லக்கண்ணு நிமிர்ந்து பார்த்தார்.

"மேல உக்காந்திருந்தா லயம் பூரா தெரியும். வெள்ளைச் சட்ட போட்டிருந்தீங்க. லாரியிலேருந்து குதிச்சீங்க. ஓடி வந்தீங்க. கிராணி சேதி சொன்னப்ப சிரிச்சேன்தான். பரண்ல தனியா உக்காந்தப்புறம் சிரிப்பு வரல. கட்டையைத் தடவித் தடவிப் பார்த்தேன். உங்களப் பார்த்ததும், அண்ணன் கூப்பிடப்போறாரு, இறங்கிடுவோம்னு துப்பாக்கியத் தோள்ல மாட்டிட்டேன். ஒரு கால ஏணியில வச்சுட்டேன்." அவர் நிறுத்தினார். குரலில் கோபம் இல்லை. "நீங்க கூப்பிடல. அப்படியே நின்னீங்க. செஞ்ச மனுஷன் இவ்வளவு தூரம் வந்து பேசாம நிக்கிறாருன்னா, நல்லா யோசிச்சுப் பார்த்துட்டாரு, கட்டைக்கு ஒண்ணும் இல்லன்னு எடுத்துக்கிட்டேன். உங்களப் பார்த்துத்தான் அண்ணே நான் இறங்கல."